பழைய கடிகாரத்தின் வரிசை எண்ணை ஏன் மறைக்கிறார்கள்?

பழைய ரோலெக்ஸ், ஒமேகா கடிகாரங்களின் விற்பனைப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். டயலை மிக நெருக்கத்தில் எடுத்திருப்பார்கள். பின்மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் இயந்திரத்தைக் காட்டியிருப்பார்கள். கீறல்களைக்கூட ஒளிக்காமல் வெளிச்சத்தில் பிடித்திருப்பார்கள். வரிசை எண் வர வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். இல்லாவிட்டால் முதல் சில இலக்கங்கள் தெரியும், மீதி அழிக்கப்பட்டிருக்கும்.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவருக்கு இது விசித்திரமாகத் தோன்றுவது இயல்பு. அது உலோகத்தில் பொறித்த ஓர் எண், அவ்வளவுதான். அதைக் கொண்டு யாரும் வங்கிக் கணக்கைத் திறக்க முடியாது. பிறகு எதற்கு இத்தனை பதுக்கல்?

எண்ணை மட்டும் தெரிந்துகொண்ட ஒருவரால் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது என்பது உண்மைதான். வண்டியின் நம்பர் பிளேட்டைத் தெருவில் போகிற எல்லோரும் பார்க்கிறார்கள், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வண்டி யாருடையது, இரவில் எங்கே நிற்கிறது, வீட்டில் எப்போது ஆள் இருக்காது என்ற விவரங்கள் எண்ணோடு சேர்ந்தால்தான் கவலை. கடிகாரமும் அப்படியே. காக்க வேண்டியது எண்ணுக்கும் உங்களுக்கும் இடையே உள்ள தொடர்பை. இது பிடிபடாததால்தான் சிலர் எண்ணைக் கவனமாக அழித்துவிட்டு, சொந்தப் பெயரில், வீட்டு ஜன்னல் வழியே தெரு தெரியும்படி படம் போடுகிறார்கள்.

எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம்

ஒரு கடிகாரத்தில் பல எண்கள் இருக்கும். அவற்றில் மாடல் எண்ணை மறைக்கத் தேவையே இல்லை. 1675 என்பது பல்லாயிரம் ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர்களுக்குப் பொதுவான எண். அதை மறைத்தால் எந்தக் கடிகாரம் என்பதே வாங்குபவருக்குத் தெரியாமல் போகும். இருந்தும் பயத்தில் அதையும் சேர்த்து அழிக்கிறவர்கள் உண்டு.

வரிசை எண் என்பது அந்த ஒரு கடிகாரத்துக்கு மட்டும் உரியது. அது இருக்கும் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய ரோலெக்ஸில் ஸ்ட்ராப்பைக் கழற்றினால்தான் தெரியும். கேஸ் எனப்படும் வெளிக்கூட்டின் விளிம்பில் 12 மணிப் பக்கம் மாடல் எண், 6 மணிப் பக்கம் வரிசை எண். எனவே கையில் கட்டியபடி எடுத்த படத்தில் அது வர வாய்ப்பில்லை. 2000களின் நடுப்பகுதியிலிருந்து ரோலெக்ஸ் இதை இடம் மாற்றத் தொடங்கியது. இப்போது கண்ணாடிக்கும் டயலுக்கும் இடையில் உள்ள பளபளப்பான உள்வளையத்தில், 6 மணிக்கு நேராக, பொடி எழுத்தில் அது இருக்கிறது. டயலின் அழகைக் காட்ட நெருக்கத்தில் ஒரு படம் எடுத்தால் எண்ணும் கூடவே வந்துவிடும். படம் போட்டவருக்கு அது தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

பழைய ஒமேகாவிலும் லாஞ்சீனிலும் எண் இயந்திரத்தின் மேல் இருக்கும். பட்டேக் பிலிப்பில் இயந்திரத்துக்கு ஓர் எண், கேஸுக்கு இன்னோர் எண். இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கடிகாரத்தின் அடையாளம்.

பின்மூடியின் உட்புறத்தைத் தனியாகவே கவனிக்க வேண்டும். ரோலெக்ஸ் சீ டுவெல்லர் 1665-இன் ஆரம்பகாலக் கடிகாரங்கள் சிலவற்றில் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள் அங்கேயும் பொறிக்கப்பட்டிருக்கும். 6 மணிப் பக்கத்தில் கடைசி மூன்று இலக்கங்களை மறைத்தவர், அடுத்த படத்தில் பின்மூடியைத் திறந்து அதே மூன்று இலக்கங்களைத் தானே காட்டிவிடுவார். பழுது பார்த்தவர்கள் ஊசி முனையால் கீறிவைத்த குறியீடுகளும் தேதிகளும் அங்கேதான் இருக்கும். அந்தக் குறியீட்டுக்கு எங்கோ ஒரு கடைக் கணக்குப் புத்தகத்தில், வாடிக்கையாளரின் பெயரோடு ஒரு வரி எழுதப்பட்டிருக்கலாம்.

எண்ணுக்குப் பின்னால் ஒரு பெயர்

எண்ணையும் மனிதரையும் இணைத்து எழுதிவைக்கும் வழக்கம் கணினிக் காலத்தில் வந்ததல்ல. பாரிஸின் பிரேகே நிறுவனம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே எந்த எண் கொண்ட கடிகாரத்தை யார் வாங்கினார் என்று பேரேடுகளில் பதிந்து வந்தது. நெப்போலியன் போனபார்ட் எகிப்துப் படையெடுப்புக்குப் புறப்படும் முன், 1798-இல், பிரேகேயிடம் மூன்று கடிகாரங்கள் வாங்கினார் என்பது இன்றும் தெரிவதற்கு அந்தப் பேரேடுகளே காரணம். அமெரிக்காவில் 1891-இல் ஒஹாயோ மாநிலத்தின் கிப்டன் அருகே நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு ரயில்வே ஊழியர்களின் பாக்கெட் கடிகாரங்களைச் சோதிக்கும் முறை கடுமையானது. ஊழியரின் பெயரும் அவருடைய கடிகாரத்தின் எண்ணும் ஒரே அட்டையில் ஏறின.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் பெயர் வெளியே வந்தால் அது வரலாறு. உயிரோடு இருப்பவரின் பெயர் வந்தால் அது அவருடைய அந்தரங்கம். நிறுவனங்களுக்கும் இது தெரியும். ஓர் எண்ணைக் கொடுத்து விவரம் கேட்டால் பட்டேக் பிலிப் தயாரித்த ஆண்டையும் விற்ற தேதியையும் சொல்லும், வாங்கியவர் யார் என்று சொல்லாது. ஆனால் நிறுவனம் காக்கும் இந்த ரகசியத்தை நாமே உடைத்துவிடுகிறோம். பழைய வாரன்டி அட்டையில் முதல் உரிமையாளரின் பெயர், சில நேரம் முகவரி, வாங்கிய தேதி, கடையின் முத்திரை, வரிசை எண் எல்லாம் இருக்கும். கடிகாரத்தில் எண்ணை மறைத்துவிட்டு, பக்கத்திலேயே அட்டையை விரித்துவைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

என்னதான் கெடுதல் நடக்கும்?

போலி ஆவணம் முதல் கெடுதல். அசல் அட்டையோடு வரும் பழைய கடிகாரத்துக்கு அட்டை இல்லாததைவிட அதிக விலை கிடைக்கும். அதனால் நிரப்பப்படாத பழைய வாரன்டி அட்டைகளுக்கும் அவற்றைப் போலச் செய்த போலிகளுக்கும் தனிச் சந்தை இருக்கிறது. முழு எண் கையில் கிடைத்தால் அட்டையை நிரப்புவது எளிது. உங்கள் கடிகாரத்தின் பெயரில் இன்னொருவர் கையில் ‘அசல்’ அட்டை இருந்தால், பிறகு நீங்கள் விற்கப் போகும்போது கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது, எண்ணை நகலெடுப்பது. போலி செய்பவர்கள் கற்பனையான எண்ணைப் போட்டால் அது அந்த மாடலுக்கும் காலத்துக்கும் பொருந்தாமல் மாட்டிக்கொள்ளும். உண்மையான கடிகாரத்தின் எண்ணையே பொறித்துவிட்டால் முதல் சோதனையைத் தாண்டிவிடலாம். ஒரே எண் இரண்டு இடங்களில் தென்பட்டால், எது அசல் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். பொய்ப் புகாரும் இந்த வகையில் சேரும். படத்தில் பார்த்த எண்ணைச் சொல்லி, அது தன்னிடமிருந்து திருடு போனது என்று ஒருவர் பதிவு செய்ய முயலலாம். வாங்கிய ரசீது உங்களிடம் இருந்தால் இதை முறியடித்துவிடலாம். ஆனால் பழைய கடிகாரம் வைத்திருப்பவர்களில் பலருக்கு ரசீதே கிடையாது. அப்பா கட்டியிருந்தார், இப்போது நான் கட்டியிருக்கிறேன் என்பதுதான் அவர்களின் ஆவணம்.

பதிவேட்டில் எண் பொருந்துவதற்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதைக் காட்ட ஒரு பெரிய சம்பவமே இருக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏல நிறுவனம் ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 கடிகாரத்தை 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விற்றது. 2023-இல் ஒமேகாவே முன்வந்து, அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்றும், தன் முன்னாள் ஊழியர்களுக்கு அதில் பங்கு உண்டு என்றும் அறிவித்தது. எண் என்பது ஒரு பாகத்தின் மேல் இருக்கிற எண்தான். அந்தப் பாகத்தைச் சுற்றி மற்றதை எல்லாம் யார், எப்போது பூட்டினார்கள் என்று அது சொல்லாது. உங்கள் எண் படத்தில் வெளியானால் உடனே கோடிக்கணக்கில் மோசடி நடந்துவிடும் என்று இதைச் சொல்லவில்லை. எண்ணை நம்புகிறவர்கள் இருக்கும்வரை எண்ணுக்குக் கிராக்கி இருக்கும்.

மூன்றாவது கெடுதல்தான் எனக்கு மற்ற இரண்டையும்விடப் பெரிதாகப் படுகிறது. அது ஆளைக் கண்டுபிடிப்பது. படங்களில் உள்ள எழுத்துகளைக் கணினி இப்போது தானாகவே வாசிக்கிறது, எனவே படத்தில் இருக்கும் எண்ணையும் தேடிப் பிடிக்கலாம். ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் முழு எண்ணும் விற்ற விலையும் அச்சாகி வருவது வழக்கம். சில ஆண்டுகள் கழித்து ஒருவர் அதே எண்ணுடன் தன் பெயரில் படம் போட்டால் அவர் எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்பது யாருக்கும் தெரிந்துவிடும். பழைய பதிவுகளில் ஊரும் வேலையும் தெரியும். வெளியூர்ப் பயணப் படங்களை அன்றன்றே போடுகிறவர் என்றால் வீடு எப்போது பூட்டியிருக்கும் என்பதும் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணத் தகவல். எண் இவை எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துவிடுகிறது.

இங்கே பழைய கடிகாரங்களுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. ஐம்பது ஆண்டு வெயிலும் ஈரமும் பட்ட டயல் எதுவும் இன்னொன்றைப் போல இருக்காது. 4 மணிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, ஒளிரும் பூச்சு உதிர்ந்த ஓரம், பழுப்பேறிய முள், கேஸில் பழைய அடிபட்ட தடம். விவரம் தெரிந்தவர் இரண்டு படங்களை அருகருகே வைத்து, இது அதே கடிகாரம் என்று நொடியில் சொல்லிவிடுவார். ஏலப் பட்டியலில் ஒருமுறை முழு எண்ணோடு வெளியான கடிகாரம் என்றால், இன்று நீங்கள் எண்ணை எவ்வளவு கறுப்படித்தாலும் டயல் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட கடிகாரத்துக்கு எண்ணை மறைப்பதால் பலனில்லை. உங்கள் பெயரையும் இடத்தையும் மறைத்தால்தான் பலன்.

பாதியைக் காட்டுவது

ஏன் முழு எண்ணையும் மறைக்காமல் முதல் பாதியைக் காட்டுகிறார்கள்? பழைய எண்களில் முன்பாதி காலத்தைச் சொல்லும், பின்பாதி எந்தக் கடிகாரம் என்பதைச் சொல்லும். ரோலெக்ஸின் எண்கள் 1960களின் நடுவில் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தன. 1980களின் நடுவில் தொண்ணூறு லட்சத்தைக் கடந்தன. 1987 வாக்கில் எண்ணுக்கு முன் ‘ஆர்’ என்ற ரோமன் எழுத்து சேர்ந்து புதிய வரிசை தொடங்கியது. ஆகவே ‘2754•••’ என்று பார்த்தாலே, இது 1970-ஐ ஒட்டிய கடிகாரம், இந்த டயலும் முள்களும் அந்தக் காலத்துக்குச் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கலாம். சேகரிப்பாளர்களுக்கு வேண்டியது அந்தத் தகவல்தான். 2010 வாக்கில் ரோலெக்ஸ் வரிசையையே கைவிட்டு, எழுத்தும் எண்ணும் ஒழுங்கின்றிக் கலந்த குறியீட்டுக்கு மாறியது. அவற்றில் எந்தப் பாதியைக் காட்டினாலும் ஆண்டு தெரியாது. அதனால் காட்ட வேண்டிய காரணமும் இல்லை.

எத்தனை இலக்கம் மறைக்கலாம்? கடைசி இலக்கத்தை மட்டும் மறைத்தால் பத்துக் கடிகாரங்களில் ஒன்று என்று பொருள். மூன்றை மறைத்தால் ஆயிரத்தில் ஒன்று. கேட்பதற்குப் போதும் போலத் தோன்றுகிறது. ஆனால் பழைய ரோலெக்ஸில் எல்லா மாடல்களும் ஒரே வரிசையிலிருந்துதான் எண் எடுத்தன. அந்த ஆயிரத்தில் உங்கள் மாடல் சில டஜன்கூட இல்லாமல் இருக்கலாம். அதிலும் உங்கள் வகை டயல் கொண்டவை ஒன்றிரண்டே இருக்கலாம். அரிய மாடலாக இருந்தால் நான்கு இலக்கம் மறைப்பதே நல்லது. காலத்தைக் கணிக்க முன்னால் உள்ள மூன்று இலக்கம் போதும்.

இதைவிட முக்கியம், எப்போதும் ஒரே பாதியைக் காட்டுவது. இந்த மாதம் ஓரிடத்தில் ‘2754•••’ என்றும், இரண்டு ஆண்டு கழித்து வேறோரிடத்தில் ‘••••318’ என்றும் போட்டால் முழு எண்ணையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். அடுத்தவர் போட்டதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்களுக்கு விற்றவரின் பழைய விளம்பரத்தில் மறுபாதி இருக்கலாம். வாங்கியதும் அந்தப் படங்களை நீக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை, பெரும்பாலான விற்பனையாளர்கள் செய்துகொடுப்பார்கள்.

மறைக்கும் விதத்திலும் கோட்டை விடுபவர்கள் உண்டு. போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் மேலே கிறுக்குவது வீண். அது பாதி ஒளி ஊடுருவும் மை, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து எழும்பி வரும். கட்டம் கட்டமாக மங்கலாக்குவதும் இலக்கங்களுக்குப் போதாது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்தே வடிவங்கள்தான், எந்த வடிவம் அப்படி மங்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். முழுக் கறுப்பான, ஒளி புகாத பட்டைதான் சரி. படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டேன், போதாதா என்பவர்களுக்கு 2023-இல் வெளிவந்த ஒரு செய்தி: கூகுள் பிக்சல் போன்களில் வெட்டித் திருத்திய ஸ்கிரீன்ஷாட்டுகளிலிருந்து வெட்டப்பட்ட பகுதியை மீட்கக்கூடிய பிழை பல ஆண்டுகளாக இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, படம் எடுக்கும்போதே எண்ணின் மேல் ஒரு துண்டு காகிதத்தை வைத்துவிடுவது. காகிதத்துக்கு அடியில் இருந்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

போன் எடுக்கும் படத்துக்குள் எடுத்த நேரமும், இருப்பிட வசதி இயங்கினால் இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் பதிந்துவிடும். பல சமூக ஊடகங்கள் படத்தை ஏற்றும்போது இதை நீக்கிவிடுகின்றன. மின்னஞ்சலிலோ, கோப்பாகவோ அனுப்பினால் அப்படியே போகும். கேமராவுக்கு இருப்பிட அனுமதியை மறுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

காட்ட வேண்டிய இடங்கள்

இத்தனையும் படித்துவிட்டு எண்ணை யாருக்குமே காட்டக் கூடாது என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. எண்ணைப் பொறித்ததே அடையாளம் காணத்தான். ஆயிரக்கணக்கான எண்களைப் பலர் பகிர்ந்துகொண்டதால்தான் எந்தக் காலத்தில் எந்த டயல் வந்தது என்ற அறிவே சேகரிப்பாளர்களிடம் திரண்டது. ஒட்டுப்போட்ட கடிகாரங்களைப் பிடிக்க உதவுவதும் அந்த அறிவே. எண்ணை எல்லோரும் மூடிவைத்தால் அதனால் மகிழப் போகிறவன் ஏமாற்றுக்காரன்தான்.

திருடு போன கடிகாரத்தின் எண் எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு நல்லது. 1983-இல் ஜெருசலேமின் எல். ஏ. மேயர் அருங்காட்சியகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட அரிய கடிகாரங்கள் திருடப்பட்டன. மரி அந்துவானெத் அரசிக்காகச் செய்யத் தொடங்கிய, பிரேகேயின் 160 என்ற எண்ணுள்ள கடிகாரமும் அவற்றில் ஒன்று. கடிகார உலகம் முழுவதும் அறிந்த எண் என்பதால் அதை வெளிப்படையாக விற்க வழியே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அது மீட்கப்பட்டது. இன்று லண்டனில் உள்ள ‘வாட்ச் ரெஜிஸ்டர்’ காணாமல்போன கடிகாரங்களின் எண்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. பல கடிகார நிறுவனங்களைத் தன்வசம் வைத்திருக்கும் ரிஷ்மோன் குழுமமும் இதே வேலைக்காக 2023-இல் ‘என்க்விரஸ்’ என்ற இலவசத் தளத்தைத் தொடங்கியது. கடிகாரம் தொலைந்த பிறகு எண்ணைத் தேடினால் கிடைக்காது. ஆகவே முழு எண்ணும் தெரியும் ஒரு படத்தை எடுத்து, ரசீதோடு, வெளியே போகாத இடத்தில் இன்றே வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் கேட்கும்.

வாங்கும்போது நீங்கள் மறுபக்கத்தில் நிற்கிறீர்கள். விளம்பரத்தில் எண் மறைந்திருப்பது சாதாரணம், அதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். பணம் கொடுக்கும் முன் தனிப்பட்ட முறையில் முழு எண்ணைக் கேளுங்கள். திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் உள்ள எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். பொறிப்பு அழுத்தித் தேய்க்கப்பட்டதா, மேலே மறுபடி பொறித்ததா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். தனியாகக் கேட்டும் எண்ணைத் தர மறுப்பவரிடம் அந்தரங்கம் என்ற காரணத்தை ஏற்காதீர்கள். நேரில் போய் ஸ்ட்ராப்பைக் கழற்றிப் பார்க்கவும் விடமாட்டேன் என்றால் அந்தக் கடிகாரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பின் உங்கள் கைக்கு வரும் பழைய அட்டையில் முந்தைய உரிமையாளரின் பெயர் இருந்தால், படம் போடும்போது அதையும் மறைத்துவிடுங்கள். அவர் அனுமதி கொடுக்கவில்லை. கடிகாரத்தை விற்ற விஷயம்கூட அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.